கிங்கொங்: விழுவதற்காகவே கோதாவில் இறங்கிய வில்லன்

எமில் சாயா என்று சொன்னால் மட்டக்களப்பில் ஒருவருக்கும் தெரியாது. கிங்கொங் என்று சொன்னால் எழுபது வயது தாண்டியவர்கள் உடனே ‘தாராசிங்’ என்று முடித்து வைப்பார்கள். அந்த இரண்டு பெயர்களும் எங்கள் ஊர்களில் தனித்தனியாக வாழவில்லை. உடம்பு பெருத்த பிள்ளையைக் ‘கிங்கொங்’ என்பதும், வீரம் காட்டும் பொடியனைப் பார்த்து ‘இவர் பெரிய தாராசிங்’ என்று நக்கலடிப்பதும் இன்றும் காதில் விழுகின்றன. அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் இருவரில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இளையவர்களுக்குக் கிங்கொங் என்றால் ஹொலிவூட் படத்தில் வரும் குரங்கு, அல்லது 1990 இல் வெளியான ‘அதிசயப் பிறவி’யில் ரஜினிகாந்தோடு ஆடிய தமிழ் நகைச்சுவை நடிகர். அவர்களுக்கு மல்யுத்தம் என்றால் அண்டர்டேக்கர், ஜோன் சீனா, ரோமன் ரெய்ன்ஸ்.

இந்தக் கட்டுரை அந்தப் பழைய கிங்கொங்கைப் பற்றியது. தொழில்முறை மல்யுத்தத்தில் வில்லனாக இருப்பது என்ன வேலை, அந்த வேலையைச் செய்தவரை ரசிகர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. ‘கெட்டவன்’ என்ற பெயர் ஒரு மனிதர்மீது ஒட்டப்பட்டால் அதற்கு என்ன விலை என்பதை அறிந்தவர்கள் நாங்கள். அதனால் இது எங்களுக்கு வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல என்று நினைக்கிறேன்.

யார் இந்தக் கிங்கொங்?

எமில் சாயா 1909 இல், அன்றைய ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்த பிரசோவ் நகரில் பிறந்தவர். அந்த நகரம் இன்று ருமேனியாவில் இருக்கிறது. விளம்பரங்களில் அவரை ஹங்கேரிக்காரர் என்றே போட்டார்கள். 1930களில் ஆசியாவுக்கு வந்து இந்தியாவில் மல்யுத்தம் செய்தார். 1933 இல் வெளியான அமெரிக்கப் படத்தின் பெயர் அவருக்குக் கோதாப் பெயராக ஒட்டிக்கொண்டது. பின்னர் சிங்கப்பூரைத் தளமாக்கிக்கொண்டு மலாயா, இந்தியா, ஜப்பான் என்று சுற்றினார்.

அவரது நிறை ஏறக்குறைய 400 இறாத்தல், அதாவது 180 கிலோவுக்கு மேல். தாடியும் மயிரடர்ந்த மார்பும் முன்தள்ளிய வயிறும் கொண்ட அந்த உருவத்தைச் சுவரொட்டியில் அச்சடித்தாலே ரிக்கற் விற்றுவிடும். அவர் ஒரு வேளைக்கு எத்தனை கோழி சாப்பிடுவார், எத்தனை முட்டை குடிப்பார் என்று கதைகள் ஊர் ஊராகப் போயின. அந்தக் கதைகளை மறுப்பது ஏற்பாட்டாளர்களின் வேலையாக இருக்கவில்லை.

சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் ஹப்பி வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட் என்ற பெயர்களில் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. கூத்து, சினிமா, குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். கப்பல்துறைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, சீனர், மலாயர், தமிழர் என்று எல்லோரும் கூடும் இடம் அது. அங்கே கிங்கொங்கை வெறுத்தவர்களும் இருந்தார்கள், சொந்த ஊர்க்காரர்போல் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். ஒரே ஆள் ஓர் ஊரில் வில்லன், இன்னோர் ஊரில் செல்லப்பிள்ளை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1955 நவம்பரில் ஜப்பானுக்குப் போன அவர், டைகர் ஜோகிந்தர் சிங்கோடு சேர்ந்து ஆசிய இணையர் பட்டத்தைப் பெற்றார். எதிரணியில் இருந்தவர்கள் ரிக்கிடோசானும் ஹரோல்ட் சகாட்டாவும். சகாட்டாவைச் சினிமா ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1964 இல் வெளியான ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் ஒட்ஜொப் அவர்தான். அதே மாதம் ஆசிய ஒற்றையர் பட்டத்துக்கான போட்டியில் ரிக்கிடோசானிடம் கிங்கொங் தோற்றார்.

1962 இல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய ‘கிங் கோங்’ என்ற ஹிந்திப் படம் வெளியானது. தாராசிங்கைச் சினிமா நாயகனாக நிலைநிறுத்திய படம் அது. கோதாவில் எதிரெதிரே நின்ற இருவரும் அதில் திரையிலும் எதிரெதிரே நின்றார்கள். 1970 மே மாதம், மலேசியாவில் நடந்த கார் விபத்தில் ஏற்பட்ட காயங்களால் எமில் சாயா இறந்தார்.

வில்லனின் வேலை என்ன?

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. பல தசாப்தங்களாகத் தொழிலுக்குள் காக்கப்பட்ட இந்த இரகசியத்தை 1989 இல் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனமே நியூ ஜேர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் ஒப்புக்கொண்டது. இது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை என்று சொன்னால் விளையாட்டுக்கான கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பலாம் என்பதுதான் காரணம்.

முடிவு முன்பே தெரிந்தது என்பதால் அடி பொய் என்று ஆகிவிடாது. மேடைப் பலகையில் முதுகு அடித்து விழுவது உண்மையான விழுகைதான். முழங்கால் போவதும் கழுத்து முறிவதும் நடந்திருக்கின்றன. பொய்யாக இருப்பது பகை மட்டும்தான்.

அந்தப் பகையை உண்டாக்குவதுதான் வில்லனின் தொழில். நடுவர் திரும்பியிருக்கும்போது கண்ணில் குத்துவது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அமுக்குவது, கீழே விழுந்தவனை மிதிப்பது, கூட்டத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரிப்பது எல்லாம் அதற்காகத்தான். கூட்டம் எவ்வளவு கோபப்படுகிறதோ அவ்வளவுக்கு நாயகனின் வெற்றி இனிக்கும். அமெரிக்க மரபில் சண்டையின் போக்கைக் கோதாவுக்குள் நின்று தாழ்ந்த குரலில் நடத்திச் செல்லும் பொறுப்பும் பெரும்பாலும் வில்லனிடமே இருக்கும். கூட்டம் எப்போது சோர்கிறது, நாயகனை எப்போது எழவிட வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டியவர் அவர்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் எங்களுக்கு ரோலான்ட் பார்த்தின் ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஒரு பகுதி பாடமாக இருந்தது. 1957 இல் பிரான்ஸில் வெளியான அந்த நூலின் முதற்கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியதுதான். கூட்டம் தேடி வருவது போட்டியை அல்ல, நீதியின் காட்சியை என்பது அவர் வாதம். அயோக்கியன் அயோக்கியனாகத் தெரிய வேண்டும், அவன் செய்ததற்குக் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும், அது கண்முன்னே நடக்க வேண்டும். வாழ்க்கையில் அப்படித் தெளிவாக எதுவும் நடப்பதில்லை என்பதால்தான் கோதாவுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் வருடக்கணக்காக நடந்தவர்கள் வாழும் மாவட்டத்தில் இதை விளக்கத் தேவையில்லை.

தாராசிங்கைத் தூக்கிவிட்டவர்

தாராசிங் 1928 நவம்பர் 19 இல் பஞ்சாபில் தர்முச்சக் என்ற கிராமத்தில் பிறந்தவர். 6 அடி 2 அங்குல உயரம். இளவயதில் சிங்கப்பூருக்குப் போய்த் தொழில் பழகினார். 1954 இல் இந்தியாவின் ‘ருஸ்தம்-இ-ஹிந்த்’ பட்டம், 1959 இல் கல்கத்தாவில் பொதுநலவாயப் பட்டம், 1968 மே 29 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தேஸை வென்று உலகப் பட்டம் என்று அவர் பெயர் ஏறிக்கொண்டே போனது. 1983 இல் ஓய்வு பெற்றார்.

இந்த ஏற்றத்தின் ஆரம்பப் படிகளில் கிங்கொங் நிற்கிறார். சுதந்திரம் கிடைத்துப் பத்து ஆண்டுகூட ஆகாத இந்தியாவில், விவசாயக் குடும்பத்துப் பஞ்சாபி இளைஞன் ஒருவன் தன்னைவிட மிகப் பெருத்த வெள்ளைக்காரனைத் தூக்கி எறிகிறான். அந்தக் காட்சிக்கு எந்த விளக்கவுரையும் தேவைப்படவில்லை. இருநூறு வருடமாக மேலே இருந்தவன் கீழே விழுகிறான், அவ்வளவுதான்.

தாராசிங் கிங்கொங்கைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றி எறிந்தார் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. களுவாஞ்சிக்குடியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அதையேதான் கைகளை உயர்த்திக் காட்டிச் சொன்னார். நேரில் பார்த்தவர் அல்ல. சிறுவயதில் கடையில் கட்டிக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாளில் படம் பார்த்தவர். ஆனால் அவர் சொன்ன இன்னொன்று என் மனதில் நின்றது. “மனே” என்று என்னை விளித்து, 180 கிலோ நெல் மூட்டையை யாராலும் தலைக்கு மேலே தூக்க முடியாது, ஆளைத் தூக்கலாம் என்றால் அந்த ஆளும் சேர்ந்து எழும்பியிருக்க வேண்டும் என்றார்.

தொழில் தெரிந்தவர்கள் சொல்வதும் இதைத்தான். மேலே போகும் ஆள் சரியான கணத்தில் துள்ள வேண்டும், உடம்பை இறுக்க வேண்டும், தூக்குபவரின் தோளில் கைவைத்துப் பாரத்தைப் பகிர வேண்டும். விழும்போது தலை அடிபடாமல் முதுகு முழுவதாலும் விழ வேண்டும். தாராசிங்கின் புகழ்பெற்ற தூக்கலில் பாதி வேலை கிங்கொங்குடையது. கைதட்டல் முழுவதும் மற்றவருக்குப் போனது. ஒப்பந்தம் அதுதான், அவரும் அதை ஏற்றுக்கொண்டே கோதாவில் இறங்கினார்.

ரசிகர்களின் கணக்கில் இருவருக்கும் கிடைத்த முடிவு வேறுவேறு. தாராசிங் 1976 இல் ‘பஜ்ரங்பலி’ படத்திலும், 1987 இல் தொடங்கிய ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொலைக்காட்சித் தொடரிலும் அனுமனாக நடித்தார். மக்கள் அவரை அனுமனாகவே பார்த்தார்கள். 2003 முதல் 2009 வரை இந்திய மாநிலங்கள் அவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 12 இல் இறந்தபின், 2018 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரைத் தன் புகழரங்கில் சேர்த்தது. கிங்கொங்குக்கு மிஞ்சியது ஒரு பட்டப்பெயர். அதுவும் பிள்ளைகளைக் கேலி செய்யப் பயன்படும் பட்டப்பெயர்.

எங்கள் களரியில் வில்லன்

கெட்டவனை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டக்களப்பார் மல்யுத்தத்திடம் கற்கவில்லை. கூத்து அதை முன்பே கற்றுக் கொடுத்திருந்தது.

வடமோடிக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாரதமும் இராமாயணமும் போர்க்கதைகளுமே அதன் பெரும்பகுதி. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் நள்ளிரவு தாண்டும்போது சனம் பாயில் சரியத் தொடங்கும். அந்த நேரத்தில் துரியோதனனோ இராவணனோ வரவு தொடங்கினால், அண்ணாவியாரின் மத்தளம் உச்சத்துக்குப் போக, தூங்கியவர்கள் எழுந்து உட்காருவார்கள். அந்தப் பாத்திரத்துக்கு உடம்பும் குரலும் மூச்சும் உள்ள ஆளைத்தான் அண்ணாவியார் தெரிவு செய்வார். தருமனுக்குச் சாந்தம் போதும். துரியோதனனுக்கு வட்டக்களரி முழுவதையும் ஆளும் ஆட்டம் வேண்டும்.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல. பாரதக் கதை அங்கே சடங்காகவே நிகழ்கிறது, தீமிதிப்போடு நிறைவுறுகிறது. துரியோதனன் பக்கம் நிற்கும் ஆள் இல்லாமல் அந்தக் கதை ஓரடி நகராது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி மேடைக்கேற்பத் தயாரித்தபோது உருவானவற்றுள் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன முக்கியமானவை. நான்கில் மூன்று, புராணக் கணக்கில் தோற்ற பக்கத்தில் நின்றவர்களின் கதை. ‘இராவணேசன்’ ஆக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தவர் எங்கள் ஊர்ப் பேராசிரியர் சி. மௌனகுரு. பிற்காலத்தில் அதை மட்டக்களப்பில் புதிய தலைமுறை மாணவர்களோடு மீண்டும் மேடையேற்றியவரும் அவரே.

அந்த இராவணன் பத்துத்தலை அரக்கன் அல்ல. தம்பியையும் மகனையும் போருக்கு அனுப்பி இழந்த, அதன்பின்னும் இறங்கி வர மறுத்த ஓர் அரசன். அவன் செய்தது சரி என்று கூத்து சொல்வதில்லை. அவனுக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒப்பாரி கேட்டது என்று மட்டும் காட்டுகிறது. எங்கள் பார்வையாளர்கள் அதைப் பார்த்து அழுதார்கள் என்றால், பிள்ளையைப் போருக்குக் கொடுத்த தாய்மாரும் தகப்பன்மாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதால்.

கிங்கொங்கை வீழ்த்திய தாராசிங் அனுமனானார். நாங்களோ அனுமன் எரித்த ஊரின் அரசனுக்கு இராவணேசன் என்று பெயர் வைத்துக் கூத்தாடியவர்கள். இரண்டு பக்கத்துக்கும் கைதட்டத் தெரிந்த பார்வையாளர்கள் நாங்கள்.

ரீவியில் வந்த வில்லன்கள்

என் தலைமுறைக்கு மல்யுத்தம் வந்தது தொலைக்காட்சி வழியாகவும், படம் அச்சடித்த அட்டைகள் வழியாகவும். அட்டையில் வீரரின் உயரமும் நிறையும் தரவரிசையும் இருக்கும். கூடிய எண் உள்ளவன் மற்றவனின் அட்டையை எடுத்துக்கொள்வான். எழுவான்கரையில் மின்சாரம் இருந்த வீட்டு முற்றங்களில் பிள்ளைகள் குவிந்து பார்த்தார்கள். படுவான்கரையில் பல ஊர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் பார்த்த சண்டையை அந்தப் பக்கத்து உறவுப் பையனுக்கு நடித்துக் காட்டியதுதான் பல நேரங்களில் ‘ஒளிபரப்பு’.

2006 கடைசியிலும் 2007 ஆரம்பத்திலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து முகாம்களுக்கு வந்தது. நான் அப்போது பாடசாலை மாணவன். முகாம் கூடாரங்களுக்கிடையே மணலில் கோடு கீறிச் சிறுவர்கள் ரெஸ்லிங் விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த விளையாட்டில் ஒரு விதி இருந்தது. முந்தைய ஆட்டத்தில் வென்றவன் அடுத்த ஆட்டத்தில் வில்லனாக வர வேண்டும். எல்லோருக்கும் இரண்டு முறையும் வரும். சுற்றிவரப் பெரியவர்கள் யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

அந்தத் தலைமுறைக்கு மிகப் பிடித்தவர் அண்டர்டேக்கர்தான். கல்லடியில் ஓட்டோ ஓட்டும் முப்பது வயதுக்காரர் ஒருவரின் வண்டிக் கண்ணாடியில் இன்றும் அந்தப் படம் இருக்கிறது. ஏன் அவர் என்று கேட்டேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று கடைசிவரை சொல்ல முடியாது, அதனால்தான் என்றார். 1990 இல் வில்லனாக அறிமுகமாகி, பின் நாயகனாகி, மீண்டும் வில்லனாகி, முப்பது வருடங்கள் நின்றவர் அவர். சவப்பெட்டியும் மணியோசையும் பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக வைத்தவை. சாவை அன்றாடம் கண்ட ஊரில் அந்தப் பொய்ச் சாவு பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. புதைத்தாலும் அடுத்த மாதம் எழுந்து வந்துவிடுவார் என்பது அதன் இனிமை.

வில்லன் யார் என்பதைக் கூட்டமே தீர்மானிக்கிறது

கிங்கொங் ஓர் ஊரில் வில்லன், இன்னோர் ஊரில் செல்லப்பிள்ளை என்றேன். இது அவருக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுவதும் வில்லனின் பாஸ்போட் எந்த நாட்டுடையது என்பது பார்வையாளர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

இந்தியாவில் வெள்ளைக்காரர் வில்லன். போரில் தோற்ற ஜப்பானிலும் அப்படித்தான், ரிக்கிடோசான் வெள்ளைக்கார மல்லர்களை அடித்து வீழ்த்தியதைத் தெருவோரத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தார்கள். ஆனால் அந்தத் தேசிய நாயகன் பிறப்பால் கொரியர். கொரியர்களை இழிவாக நடத்திய சமூகத்தில் அந்த உண்மையை மறைத்துத்தான் அவர் நாயகனாக இருக்க முடிந்தது.

அமெரிக்காவில் இரும்பு ஷேக். ஹொசைன் வசீரி என்ற அந்த ஈரானியர் உண்மையிலேயே தேர்ந்த மல்யுத்த வீரர். 1971 இல் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றவர், 1972 ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியின் உதவிப் பயிற்றுநர். 1979 இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தவர்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டபின், ஈரான் கொடியோடு வரும் வில்லன் வேடம் அவருக்குப் பெரும் பணமானது. 1983 டிசம்பர் 26 இல் பொப் பக்லண்டை வென்று சம்பியனானார். 1984 ஜனவரி 23 இல், நான்கே வாரங்களில், ஹல்க் ஹோகனிடம் தோற்றார். ஹோகன் என்ற பெருநாயகனை உருவாக்கிய படிக்கட்டு அவர்தான். 2023 ஜூன் 7 இல் அவர் இறந்தபோது அஞ்சலி எழுதியவர்களில் பலர், சிறுவயதில் அவரைப் பார்த்துக் கூவிக் கத்திய அமெரிக்கர்கள்.

ஜப்பானில் டைகர் ஜீத் சிங். கனடாவில் குடியேறிய பஞ்சாபி. வாளைக் கையில் ஏந்தி வெறிபிடித்தவர்போல் கூட்டத்துக்குள் பாயும் வில்லன். 1973 நவம்பரில் டோக்கியோவில் ஒரு பல்பொருள் அங்காடியின் முன், நடுத்தெருவில் அன்டோனியோ இனோக்கியைத் தாக்கியதாக நடந்த சம்பவம் ஜப்பானிய ரசிகர்களுக்கு இன்றும் புராணம். அதே மனிதரின் பெயரில் ஒன்ராறியோவின் மில்டன் நகரில் ஓர் அரச ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து பார்த்தால் அது அருகில்தான். அங்குள்ள எங்கள் உறவுகளின் பிள்ளைகள்கூட அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போகக்கூடும்.

இந்தச் சந்தையின் இருண்ட பக்கமும் உண்டு. 2004 கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகமது ஹசன் என்ற பாத்திரம் அறிமுகமானது. செப்டெம்பர் 11 க்குப் பிறகு தன்னைப் பயங்கரவாதியாகப் பார்க்கிறார்கள் என்று முறையிடும் அரபு-அமெரிக்கர். நடித்தவர் இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். முறையீடு நியாயமானது, ஆனால் அதைச் சொல்பவரை வில்லனாக்கினார்கள். சில மாதங்களில் முகமூடி அணிந்த ஆட்கள் அவர் பக்கம் நின்று அண்டர்டேக்கரின் கழுத்தை நெரிக்கும் காட்சியைப் படமாக்கினார்கள். முன்கூட்டியே பதிவான அந்தக் காட்சி ஒளிபரப்பானது 2005 ஜூலை 7 இரவு. அன்று காலையில்தான் லண்டனில் குண்டுகள் வெடித்திருந்தன. எதிர்ப்பு எழுந்தது, அந்த மாதக் கடைசிக்குள் பாத்திரம் அகற்றப்பட்டது.

‘என்னைப் பயங்கரவாதி என்கிறீர்கள்’ என்று ஒருவன் சொல்ல, அவனைப் பயங்கரவாதியாகவே காட்டி முடிக்கும் கதை. 1979 இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு அதை வேடிக்கையாகப் பார்க்க முடியாது.

ரசிகர்களின் தீர்ப்பு

இந்தக் கட்டுரைக்காகப் பேசிய பழைய ரசிகர்களையும் புதிய ரசிகர்களையும் வைத்துப் பார்த்தால், வில்லனின் வாழ்க்கையை மதிப்பிடுவதில் மூன்று நிலைப்பாடுகள் தெரிகின்றன.

முதலாவது, வில்லன் இல்லாமல் நாயகன் இல்லை என்பது. கிங்கொங் இல்லையென்றால் தாராசிங் ஒரு நல்ல பயில்வானாக மட்டும் இருந்திருப்பார் என்று இவர்கள் சொல்கிறார்கள். இது பெரும்பாலும் முதியவர்களின் கருத்து. கூத்துப் பழக்கம் உள்ளவர்கள் இதை உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, தொழில்திறனை வைத்து எடைபோடுவது. இளையவர்களின் பார்வை இது. எவ்வளவு நேரம் கூட்டத்தைக் கட்டி வைத்தார், எதிராளியைக் காயப்படுத்தாமல் எப்படிச் சண்டை செய்தார், விழத் தெரிந்தவரா என்று கேட்கிறார்கள். இவர்களுக்கு வில்லன் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே அல்ல. கிங்கொங்கின் பழைய சண்டைத் துணுக்குகளை இணையத்தில் பார்த்த ஒரு பல்கலைக்கழக மாணவர், அந்த உடம்போடு அவர் விழும் விதத்தைத்தான் மெச்சினார்.

மூன்றாவது நிலைப்பாட்டைச் சொன்னவர் ஒரு பெண். படுவான்கரையில் வசிப்பவர், போரில் கணவரை இழந்தவர். அவருடைய மகன் ரெஸ்லிங் பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. அடிவாங்குபவனைப் பார்த்துச் சனம் சிரிப்பதைத் தன்னால் பார்க்க முடியாது, அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் அடிக்கலாமா என்று கேட்டார். மகன் அது நடிப்பு என்று விளக்கியிருக்கிறான். அடிப்பது நடிப்பாக இருக்கலாம், சிரிப்பது நடிப்பில்லையே என்பது அவர் பதில். முதல் இரண்டு நிலைப்பாடுகளும் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

கழற்றக்கூடிய பெயர், கழற்ற முடியாத பெயர்

கோதாவில் வில்லன் என்பது கழற்றி வைக்கக்கூடிய உடுப்பு. 1996 ஜூலை 7 இல், அமெரிக்கப் பிள்ளைகளின் தெய்வமாக இருந்த ஹல்க் ஹோகன் ஓர் இரவில் வில்லனானார். கூட்டம் குப்பைகளை மேடைமீது வீசியது. சில வருடங்களில் அவரே மீண்டும் நாயகனானார். 1987 இல் இரும்பு ஷேக்கும் அவருடைய ‘பரம எதிரி’ ஜிம் டகனும் நியூ ஜேர்சியில் ஒரே காரில் பயணம் செய்தபோது போதைப்பொருள் வைத்திருந்ததாகப் பொலிஸில் பிடிபட்டார்கள். நிறுவனத்துக்குப் பெரிய அதிர்ச்சி போதைப்பொருள் மட்டுமல்ல. எதிரிகள் ஒன்றாகப் போனது வெளியே தெரிந்துவிட்டது.

எங்கள் மண்ணில் எதிரிகள் ஒன்றாகப் பயணம் செய்திருந்தால் எத்தனையோ பேர் உயிரோடு இருந்திருப்பார்கள். இங்கே ‘துரோகி’ என்று ஒட்டப்பட்ட பெயரை யாராலும் உடைமாற்றும் அறையில் கழற்றி வைக்க முடியவில்லை. ‘புலி’, ‘ஒட்டுக்குழு’, ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற ஒவ்வொரு பெயரும் ஒருவரைக் கொன்றிருக்கிறது, அல்லது அவர் இறந்தபின்னும் மனைவி பிள்ளைகளின் கதவில் நின்றிருக்கிறது. 2004 க்குப் பிறகு கிழக்கில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்மீதே எதிரெதிரான பெயர்கள் விழுந்தன. அந்தப் பெயர்களை வைத்தவர்களில் பலர் பின்னர் தங்கள் பக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். பெயர் வாங்கியவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

இதனால் கோதாவையும் போரையும் சமப்படுத்த வேண்டும் என்பதல்ல என் வாதம். நடந்த குற்றங்களுக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேடதாரிகள் அல்ல, அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பொறுப்புக் கேட்பதும் பெயர் சூட்டுவதும் வேறுவேறு வேலைகள். முன்னதற்குச் சான்று வேண்டும், விசாரணை வேண்டும், எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்க வேண்டும். பின்னதற்கு ஒரு கூட்டமும் ஒரு சுவரொட்டியும் போதும்.

எமில் சாயா முப்பது வருடங்களுக்கு மேல் அப்படியொரு பெயரைச் சுமந்து பிழைத்தார். அவரை வெறுக்கப் பணம் கொடுத்து வந்தவர்கள், சண்டை முடிந்ததும் வெறுப்பை அரங்கிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவரும் தன் வீட்டுக்குப் போனார். ஒரு வில்லனின் வாழ்க்கைக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது என்று களுவாஞ்சிக்குடி ஆசிரியர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.